திறக்கப்படாத வீட்டின் மதர்

"மிஸ்ஸி, நம்மட மதர் மௌத்தாகிட்டா" என்று வரிப்பத்தான்சேனையிலிருந்து சல்மா தொலைபேசியில் சொன்னபோது, நான் மருந்து வாங்க வரிசையில் நின்றிருந்தேன். அழுகைக்கு முன் எரிச்சல்தான் வந்தது. அந்த வீட்டைத் திறக்காமல் இவர் எப்படிப் போகலாம்?

மதர் எமில்டாவைத் தெரிந்தவர்களுக்கு எந்த வீடென்று சொல்லத் தேவையில்லை. படுக்கையோடு கிடக்கும் பெண்களை அவரவர் வீட்டுக்கே போய்ப் பராமரிக்க, மூன்று அருட்சகோதரிகளோடு ஒரு சிறு சபையைத் தொடங்கியவர் அவர். கல்முனைப் பக்கம் தாதியாக இருந்து ஓய்வுபெற்ற நானும் அவர்களோடு போய்வந்தேன்.

சல்மாவின் உம்மாவுக்கு முதுகெல்லாம் படுக்கைப்புண். "சிலுவை போட்டவங்க வீட்டுக்குள்ள வாறதா?" என்று வாசலில் ஒருவர் கேட்டார். மதர் சிலுவையைக் கழற்றவில்லை. உள்ளே போய், "கிப்லா எந்தப் பக்கம் பிள்ள?" என்று சல்மாவிடம் கேட்டார். தொழுகைக்கு முகம் வைக்கும் அந்தத் திசைக்குக் கட்டிலைத் திருப்பிப் போட்டோம். பிறகுதான் புண்ணைக் கழுவத் தொடங்கினார். உம்மா அன்று அஸரைப் படுத்தபடியே தொழுதார்.

பார்க்க யாருமில்லாத பெண்களுக்காகப் பெரியநீலாவணையில் ஆறு கட்டில்களோடு ஒரு வீட்டை ஆயத்தம் செய்தார். அனுமதிக் கடிதம் மட்டும் வரவில்லை. ஒரு அரச கந்தோரில் அடுத்த கந்தோருக்கு அனுப்புவார்கள். அங்கே பொறுப்பானவர் லீவில் இருப்பார். "காத்திருக்கச் சொல்லுறவங்க ஒருநாள் அசையாமப் படுத்துப் பாக்கட்டும்" என்பார் மதர்.

அனுமதிக்காகக் கூடிய கடைசிக் கூட்டத்தில், யாருடைய சொல்லுக்காகக் கந்தோர்கள் கடிதத்தை வைத்திருந்தனவோ அந்த ஊர்ப் பிரமுகர், "இவ மதம் மாத்த வந்தவ" என்றார். சல்மா வீட்டில் கட்டிலைக் கிப்லாவுக்குத் திருப்பக் கைகொடுத்தவள் நான். எழுந்து சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன்.

வெளியே வந்ததும் மதர் கேட்டார்: "ஏன் மிஸ்ஸி, ஒண்டும் கதைக்கல்ல?"

"நான் இந்த ஊருக்குள்ள இருக்கோணும், மதர்."

"ஓம். நானும்தானே."

அதன்பிறகு அதைப் பற்றி அவர் என்னிடம் பேசவேயில்லை.

அடக்கத்தன்று அதே பிரமுகர் ஒலிவாங்கியைப் பிடித்து, "எங்கள் அன்னை" என்று பேசினார். அந்த வீட்டுக்கு மதருடைய பெயரை வைக்க வேண்டுமாம். அனுமதி பற்றி ஒரு சொல் இல்லை. அருட்சகோதரிகள் மூவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என்னால் முடியவில்லை.

"கடிதத்த எப்ப தருவீங்க?" என்று கேட்டேன். கூட்டம் என் பக்கம் திரும்பியது.

"பாப்பம்" என்றார் அவர்.

அன்று பேசிய எல்லோரும் மதரின் பொறுமையைப் புகழ்ந்தார்கள். நான் அறிந்த மதருக்குப் பொறுமை கிடையாது. கந்தோரில் காத்திருப்போருக்கான வாங்குப் பலகையில் இருந்தபடி செருப்பால் தரையைத் தட்டிக்கொண்டேயிருப்பார். எழுதுவினைஞர் நிமிர்ந்து பார்க்கும்வரை நிறுத்தமாட்டார். அந்தப் பொறுமையின்மையைத்தான் எனக்கென்று வைத்துக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை காலை அந்த வாங்கில் சல்மாவும் நானும் இருப்போம்.