நான் ஓட்டாத படகு

மருந்துக் கிடங்கு ஒன்றில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஐம்பத்திரண்டாவது வயதில் நான் கேப்டன் ஆனேன். ஆனேன் என்று சொல்வது சரியில்லை. வேஷம் போட்டேன்.

கிடங்கை வேறு மாநிலத்துக்கு மாற்றிவிட்டார்கள். எங்களில் பாதிப் பேருக்கு அங்கே இடமில்லை என்றார்கள். ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளியில் மனைவி டீச்சர். காலையில் அவள் கிளம்பிப் போன பிறகு நான் பேப்பரை இரண்டு தடவை படிப்பேன். குக்கர் வைப்பேன். அப்படியே ஏழெட்டு மாதம் போனது.

மனைவியின் தம்பி விசேஷங்களுக்கு ஆள் ஏற்பாடு செய்கிற வேலையில் இருக்கிறான். ஒரு நாள் வந்து உட்கார்ந்து என்னையே ஏற இறங்கப் பார்த்தான்.

"மாமா, உங்க உசரத்துக்கும் இந்த மீசைக்கும் ஒரு வேலை இருக்கு. சனி, ஞாயிறு மட்டும். பெருசா ஒண்ணும் செய்யவேணாம், சும்மா நிக்கணும்."

ஊருக்கு வெளியே, ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிற பெரிய ஏரியில் ரிசார்ட்காரர்கள் இரண்டு தட்டுப் படகு ஒன்றை விட்டிருந்தார்கள். லீவுக்கு வந்து தங்குகிறவர்களை மாலை ஐந்தரைக்கு ஏற்றிக்கொண்டு, சூரியன் மறைவதைக் காட்டி, பாட்டு, மேஜிக், சாப்பாடு எல்லாம் முடித்து எட்டு மணிக்குக் கரை சேர்ப்பார்கள். 'கேப்டனோடு ஒரு விருந்து' என்று அதற்குப் பெயர். நான்தான் அந்தக் கேப்டன். வெள்ளைப் பேன்ட், வெள்ளைச் சட்டை, தோளில் நான்கு தங்கப் பட்டை, தலையில் தொப்பி. மேல்தளத்தில் பிளைவுட்டில் செய்த பெரிய சக்கரம் ஒன்று இருக்கும். குழந்தைகளுக்கு என் தொப்பியைப் போட்டு அந்தச் சக்கரத்தைச் சுற்றவிட்டு, பெற்றோர்கள் போட்டோ எடுப்பார்கள். பிறந்தநாள் இருந்தால் கேக் வெட்டுவோம். மைக்கில் கன்னடம், தமிழ், இந்தி என்று மூன்று மொழியிலும் வரவேற்பு சொல்வேன். "இருபது வருஷம் கடல்ல இருந்தவன், உங்களை பத்திரமா கூட்டிட்டுப் போறேன்" என்ற வரியை மச்சினன்தான் எழுதிக் கொடுத்திருந்தான். எனக்கு நீச்சல் கூடத் தெரியாது.

படகை நிஜமாக ஓட்டுகிறவர் கீழ்த்தளத்தில், பின்பக்கத்தில், ஒரு தகர அறைக்குள் இருப்பார். ஏரிக்கரை ஊர்க்காரர். நாற்பது வயதிருக்கும். அவர் அப்பா அந்த ஏரியில்தான் மீன் பிடித்தாராம். கட்டம் போட்ட சட்டையும் வெறுங்காலுமாக இருப்பார் என்பதால், விருந்தாளிகள் இருக்கும்போது மேலே வரக்கூடாது என்று மேனேஜர் சொல்லி வைத்திருந்தார். எல்லாரும் இறங்கிய பிறகு, ஆறிப்போன சாப்பாடு அவருக்குப் போகும். "ஊட்டா ஆயித்தா?" என்று நான் கேட்பேன். சாப்பிட்டாச்சா என்றுதான். "ஆயித்து சார்" என்பார். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு இருந்ததில்லை. குழந்தைகள் என்னைக் கேப்டன் என்று கூப்பிடும்போது அவர் காதில் விழுமோ என்று எனக்குக் கூச்சமாக இருக்கும்.

அந்தச் சனிக்கிழமைக்கு முன்பு ஒரு வாரம் நல்ல மழை. ஏரியில் தண்ணீர் ஏறி, ஆகாயத்தாமரை கும்பல் கும்பலாக மிதந்துகொண்டிருந்தது. படகுத்துறையில் டிரைவர் மேனேஜரிடம் கன்னடத்தில் சொன்னார்: மேற்குப் பக்கம் இன்றைக்கு வேண்டாம், களை அடர்த்தியாக இருக்கிறது, அறுந்த வலைகளும் அதற்குள் சிக்கிக் கிடக்கின்றன, கிழக்கே போய்த் திரும்பிவிடலாம். மேனேஜர் போனிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. சூரியன் மேற்கில்தானே இறங்குகிறது, போட்டோவுக்குத்தானே வருகிறார்கள், வழக்கம்போலப் போ என்றார். நான் இரண்டடி தள்ளி நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. நமக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

அன்றைக்கு வந்தவர்களில் சேலத்துக் குடும்பம் ஒன்று. கணவன், மனைவி, எட்டு வயதுப் பெண் குழந்தை. படகில் ஏறுகிற பலகைக்கு முன்னால் அந்த அம்மா நின்றுவிட்டார்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

"எல்லாரும் ஏறுறாங்க பாரு. வா" என்று கணவர் முன்னால் போய்விட்டார். குழந்தை அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தது. நான் கை நீட்டினேன்.

"வாங்கம்மா. இருபது வருஷம் கடல்ல இருந்தவன் நான். உங்களுக்கு என்ன பயம்?"

அவர் என் தோளில் இருந்த பட்டைகளைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

சூரியன் நன்றாகவே இறங்கியது. எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மேஜிக்காரர் விருந்தாளி ஒருவருடைய காதிலிருந்து காகிதப் பூ எடுத்துக்கொண்டிருந்தபோது படகு ஒரு தடவை உதறியது. இன்ஜின் சத்தம் இருமுவது போல் கேட்டு, நின்றது. மைக் செத்தது. தொங்கவிட்டிருந்த விளக்குகளில் பாதி அணைந்தன. முதலில் சிலர் சிரித்தார்கள், இதுவும் மேஜிக் என்று நினைத்து ஒருவர் கைதட்டினார். படகு மெதுவாகத் தானே திரும்ப ஆரம்பித்ததும் பேச்சு நின்றுபோனது.

"கேப்டன், என்ன ஆச்சு?" என்றார் சேலத்துக்காரர்.

"சின்ன டெக்னிக்கல் பிராப்ளம் சார். இதோ பார்த்துட்டு வரேன்" என்று கீழே ஓடினேன்.

டிரைவர் பின்பக்கம் குப்புறப் படுத்துக் கையைத் தண்ணீருக்குள் விட்டிருந்தார். "பலெ சுத்திகொண்டிதெ சார்" என்றார். தண்ணீருக்குள் படகைத் தள்ளுகிற காற்றாடியில் அறுந்த வலை சுற்றிச் சிக்கியிருந்தது. கரைக்குப் போன் செய்தேன். சின்னப் படகு ரிப்பேரில் இருக்கிறது, வேறு ஏற்பாடு செய்ய முக்கால் மணி நேரமாகும், காத்திருங்கள் என்றார்கள். டிரைவர் தலையை ஆட்டினார். காற்று எங்களை மேற்குக் கரைப் பாறைகளின் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது, தண்ணீரில் இறங்கித்தான் அறுக்க வேண்டும் என்றார். தன் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னார்:

"மொதலு எல்லாரிகூ ஜாக்கெட் ஹாக்ஸி சார். ஆமேலே நீவு பன்னி." முதலில் எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் போடச் செய்துவிட்டு நீங்கள் வாருங்கள்.

பரிமாறுகிற இரண்டு பேரோடு சேர்ந்து ஜாக்கெட்டுகளைக் கொடுத்தேன். அதைப் பார்த்ததும்தான் எல்லாருக்கும் பயம் வந்தது. ஒரு குழந்தை அழுதது. யாரோ போலீசைக் கூப்பிடு என்றார்கள். பாடுகிற பெண் எங்கள் ஊர் மர்பி டவுன்காரி, நல்ல தைரியசாலி. மைக் இல்லாமலேயே ஒரு பழைய பாட்டை ஆரம்பித்து, குழந்தைகளைத் தன்னைச் சுற்றி உட்காரவைத்துக்கொண்டாள்.

நான் மறுபடி படியில் இறங்கப் போனபோது சேலத்து அம்மா வந்து வழியில் நின்றார். ஜாக்கெட்டின் நாடாவை மாற்றிக் கட்டியிருந்தார். உதடு உலர்ந்திருந்தது.

"சார், நீங்க சொன்னீங்கன்னுதான் ஏறினேன். கரைக்குப் போயிருவோமா? நிஜத்தைச் சொல்லுங்க."

வழக்கமாக எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அந்த முகத்தைப் பார்த்து அது வரவில்லை.

"அம்மா, நான் கேப்டன் இல்ல. கடலைத் தூரத்துலருந்து பார்த்ததோட சரி. மருந்துக் கிடங்குல வேலை பார்த்தவன். எனக்கு நீச்சலும் தெரியாது. இந்தப் படகை ஓட்டுறவர் கீழ இருக்காரு. அவருக்கு இந்த ஏரி அத்துப்படி. அவர் சரிபண்றேன்னு சொல்லியிருக்காரு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அறைவார் என்று கூட நினைத்தேன். அவர் ஜாக்கெட் நாடாவை இன்னொரு தடவை இறுக்கிக்கொண்டார்.

"உங்களுக்கும் பயமா இருக்கா?"

"இருக்குதும்மா."

"அவர் எங்க இருக்காரு?"

கூட்டிக்கொண்டு இறங்கினேன். டிரைவர் கையில் கத்தியோடு எனக்காகக் காத்திருந்தார். கயிற்றின் மறு நுனியை என்னிடம் கொடுத்தார். இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், தான் இழுத்தால் உடனே மேலே தூக்க வேண்டும் என்றார். வெளிச்சம் குறைந்துவிட்டது. டார்ச் பிடிக்க ஆள் வேண்டும். நான் பரிமாறுகிறவரைக் கூப்பிட வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா கீழே கிடந்த டார்ச்சை எடுத்துக்கொண்டு விளிம்பருகே மண்டிபோட்டு உட்கார்ந்தார்.

"எங்க காட்டணும்னு சொல்லச் சொல்லுங்க" என்றார்.

டிரைவர் கத்தியை வாயில் கவ்விக்கொண்டு கையால் காட்டினார். இறங்கினார்.

அவர் மூழ்குவார், நான் மனதுக்குள் எண்ணுவேன், கயிறு நடுங்கும், தலை மேலே வரும். கையில் ஒரு பிடி வலை இருக்கும். அதைப் படகுக்குள் எறிந்துவிட்டு மறுபடி மூழ்குவார். டார்ச் வெளிச்சம் முதலில் ஆடியது. பிறகு ஆடாமல் நின்றது. நடுவில் ஒரு தடவை அந்த அம்மா தண்ணீரைப் பார்த்தபடியே பேசினார்.

"சின்ன வயசுல கிணத்துல விழுந்துட்டேன் அண்ணா. யாரோ ஒருத்தர் குதிச்சுத் தூக்கினாரு. அவர் யாருன்னு எங்க வீட்டுல யாரும் கேட்டு வைக்கல."

கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். கடைசித் துண்டு வந்ததும் அவரை இழுத்து ஏற்றினோம். குளிரில் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. இடது உள்ளங்கை கிழிந்து ரத்தம் வழிந்தது. மூலையில் வெள்ளை மேஜைத் துணிகளை மடித்து வைத்திருந்தார்கள். அந்த அம்மா ஒன்றை உதறி எடுத்தார். "பேடா அம்மா, கொளே ஆகத்தெ" என்று டிரைவர் பின்வாங்கினார். அழுக்காகிவிடும் என்கிறார் என்று நான் சொன்னேன்.

"ஆகட்டும்" என்று அவர் தோளில் போர்த்திவிட்டு, இன்னொரு துணியைக் கிழித்துக் கையில் கட்டினார்.

இன்ஜின் கரும்புகையைக் கக்கிவிட்டு ஓட ஆரம்பித்தது. மேலே எல்லாரும் கைதட்டினார்கள். சிலர் என்னைப் பார்த்துத் தட்டினார்கள். நான் கீழே கை காட்டினேன். அவர்களுக்கு அது புரிந்த மாதிரி தெரியவில்லை.

துறையில் மேனேஜர் நின்றிருந்தார். விருந்தாளிகள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே டிரைவரிடம் பாய்ந்தார். "யாக்கோ ஆ கடே ஹோதெ?" ஏன் அந்தப் பக்கம் போனாய் என்று. டிரைவர் கட்டுப் போட்ட கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார்.

நான் அவர்கள் இருவருக்கும் நடுவில் போய் நின்றேன்.

"நீங்கதானே சார் போகச் சொன்னீங்க" என்றேன். "அவர் வேணாம்னு சொன்னாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். அப்பவே நான் வாயைத் திறந்திருக்கணும், திறக்கல. தப்பு அவர் மேல இல்ல."

மேனேஜர் சுற்றிலும் பார்த்தார். சேலத்து அம்மா நகராமல் நின்றிருந்தார். அவர் கணவர் முதலில் என்னிடம் ஏதோ கோபமாகக் கேட்க வந்தவர், மனைவியின் ரத்தக்கறை பட்ட கையைப் பார்த்துவிட்டு அவரும் பக்கத்தில் வந்து நின்றார். "முதல்ல இவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. அப்புறம் விசாரிக்கலாம்" என்றார். மேனேஜர் வண்டியை வரச்சொன்னார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நோட்டுத் திருத்திக்கொண்டே கேட்டாள்.

"நீச்சல் தெரியாதுன்னும் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்கிட்டயே அதைக் கல்யாணமாகி அஞ்சு வருஷம் கழிச்சுத்தான் சொன்னீங்க" என்று சிரித்தாள்.

மறுநாள் மச்சினன் போன் செய்தான். "ஏன் மாமா, கெஸ்ட் கிட்டப் போய் நான் கேப்டன் இல்லன்னு சொல்வாங்களா?" என்று அங்கலாய்த்தான். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனால் அந்த உயரத்துக்கும் மீசைக்கும் வேறு ஆள் சட்டென்று கிடைக்கவில்லை போலிருக்கிறது. இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள்.

போனதும் நான் மேனேஜரிடம் ஒரு கோரிக்கை வைத்தேன். டிரைவரை மேலே கூப்பிட்டு எல்லாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டும் என்றேன். இழுபறிக்குப் பிறகு ஒப்புக்கொண்டார்கள், அவருக்கும் ஒரு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்தார்கள். நான் பெருமையாக மைக்கில் சொல்ல, அவர் மேலே வந்தார். எல்லாரும் கைதட்டினார்கள். அவர் தன் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாவது வாரமும் அப்படித்தான். மூன்றாவது வாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, காலர் கழுத்தை அறுக்கிறது, எல்லாரும் பார்ப்பது தனக்கு ஒத்துவரவில்லை, இது வேண்டாம் சார் என்றார்.

எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. இவருக்காக நான் இவ்வளவு பேசினேனே என்று நினைத்தேன். அவருக்கு என்ன வேண்டும் என்று அவரிடம் நான் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கேட்டேன். எந்தப் பக்கம் போவது என்பதைத் தான் சொல்கிறபடி விடட்டும், சாப்பாடு சூடாக இருந்தால் நல்லது, அவ்வளவுதான் என்றார்.

முதலாவதற்கு இரண்டு மாதம் பிடித்தது. இப்போது துறையில் அவர் கை காட்டுகிற திசையில்தான் படகு போகிறது. சில நாள் சூரியன் முதுகுப் பக்கம் மறைகிறது, யாரும் சண்டைக்கு வந்ததில்லை. இரண்டாவதை நானே பார்த்துக்கொள்கிறேன். கேக் வெட்டி, போட்டோ எல்லாம் முடிந்து சாப்பாடு திறந்ததும் இரண்டு தட்டு போட்டுக்கொண்டு கீழே இறங்கிவிடுவேன். ஒரு கை சுக்கானில் இருக்க, மறு கையால் அவர் சாப்பிடுவார். மகள் பத்தாவது முடித்துப் பி.யு.சி.யில் சேர்ந்த கதையைச் சொல்வார். போன வாரம் கோபி மஞ்சூரியனை ஒதுக்கி வைத்துவிட்டு, மாங்காய் ஊறுகாய் இன்னும் கொஞ்சம் இருக்குமா சார் என்றார். தொப்பியைக் கழற்றி அங்கேயே வைத்துவிட்டு மேலே போய் வாங்கி வந்தேன்.