பேசுகிற கம்ப்யூட்டரும் ஒரு ஆர்டரும்

திருப்பதியில் அலிபிரி போகிற ரோட்டில் ஒரு தனியார் கல்லூரி. அதன் பரீட்சை செக்ஷனுக்குள் முதல் தடவை நுழைகிறவர்கள் ஒரு நிமிஷம் திகைத்துத்தான் போவார்கள். ஜன்னலோர மேஜையில் ஒரு பெண் மானிட்டரை அணைத்து வைத்துவிட்டு மளமளவென்று டைப் அடித்துக்கொண்டிருப்பாள். திரையே எரியாமல் என்ன வேலை நடக்கிறது என்று கேட்டால், "எனக்கெதுக்குங்க வெளிச்சம்? கரண்டுக்குப் புடிச்ச கேடு" என்பாள். அவள்தான் கிருபாவதி. வயது நாற்பத்தொன்று. இரண்டு கண்ணும் தெரியாது. ஆனால் நாலு பேருக்கு வேண்டிய வாயைச் சேர்த்து ஆண்டவர் இவளிடமே கொடுத்துவிட்டார் என்பது அவள் புருஷன் இஸ்ரேலின் புகார்.

பிறந்தது சித்தூரில், பழைய மிஷன் கோயிலுக்குப் பின்தெருவில். ஒன்பது வயதில் வந்த காய்ச்சல் கண்ணைக் கொண்டுபோனது. நைனா தேவானந்தம் லைன்மேன். பெண் வீட்டோடு கிடக்கட்டும் என்று புத்தி சொல்ல வந்த சொந்தக்காரர்களை, "காபி குடிச்சாச்சில்ல, கெளம்புங்க" என்று வாசலோடு அனுப்பிவிட்டு, மகளைப் பார்வையற்றோர் பள்ளியில் சேர்த்தார். பி.ஏ. படித்தாள். கம்ப்யூட்டர் படித்தாள். இப்போது பாகாலாவில் வீடு. காலை பாசஞ்சரில் ஏறித் திருப்பதிக்கு வருவாள்; பதினோரு வருஷமாக அந்தக் கல்லூரிப் பிள்ளைகளின் மார்க்கெல்லாம் அவள் விரல் வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

கம்ப்யூட்டர் அவளுக்குப் படித்துக் காட்டும். அதற்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறது. திரையில் இருப்பதை எல்லாம் ஹெட்ஃபோனுக்குள் வாசிக்கும். அவள் வைத்திருக்கிற வேகத்தில் நாம் கேட்டால் எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரிதான் கேட்கும்; அவளுக்கு ஒவ்வொரு எண்ணும் தனித்தனியாக விழும். இனாமாகக் கிடைக்கிற மென்பொருளும் உண்டு. வீட்டில் அதைத்தான் வைத்திருக்கிறாள். ஆனால் கல்லூரிக்காரர்கள் மூன்று வருஷத்துக்கு முன்னால் புதிதாக ஒரு மார்க் புரோகிராம் வாங்கினார்களே, அந்தப் புண்ணியவான் இனாம் மென்பொருளுக்கு மசிவேனா என்றுவிட்டது. விலைகொடுத்து வாங்குகிற ஒன்றுதான் அதைப் படிக்கும்.

அதற்காகக் கிருபாவதி கவர்மெண்டுக்கு அர்ஜி போட்டாள். அது மாவட்டத்தை இரண்டாகப் பிரித்த சமயம். சித்தூர் ஃபைலா, திருப்பதி ஃபைலா என்று அந்தக் காகிதம் அலைய, அதன் பின்னாலேயே இவளும் பஸ்ஸில் அலைந்தாள். பதினாலு மாதம். கடைசியில், "இந்தம்மா திரும்ப வராம இருந்தா சரி" என்று கையெழுத்துப் போட்டார்களோ என்னவோ, லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. அந்த இருபது எழுத்துச் சாவியை ஓர் அட்டையில் பிரெயிலில் குத்திக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்தச் சாவியில் ஒரு சங்கடம் உண்டு. மூன்று தடவைதான் போடலாம். பழைய கம்ப்யூட்டரிலிருந்து முறையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டால் கணக்குக் குறையாது. வீட்டைக் காலி செய்யும்போது சாவியை ஒப்படைப்பது போலத்தான். ஒப்படைக்காமல் வீட்டை இடித்துவிட்டால் ஒரு தடவை போச்சு. முதல் தடவை ஹார்ட் டிஸ்க் தானாகச் செத்ததில் போனது. இரண்டாவது தடவை, இவள் மாதாகோயில் பண்டிகைக்கு லீவு போட்ட நாளில் யாரோ ஒரு மகராசன் கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்ததில் போனது. அன்றைக்கு அவள் போட்ட சத்தம் பிரின்சிபால் ரூம் வரை கேட்டதாம். மிச்சம் ஒன்றே ஒன்று, அதுதான் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.

போன நவம்பரில் சூப்பரிண்டெண்ட் வேங்கடாசலம் வந்து நின்றார். தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பது அவர் வழக்கம்; 'சூடம்மா' என்றால் பாரம்மா.

"சூடம்மா கிருபா, பழைய விண்டோஸுக்கு அப்டேட் நிறுத்திட்டாங்களாம். ஆடிட்ல கேக்கறாங்க. திங்கக்கெழம எல்லாத்தையும் மாத்தப் போறோம். ஒனக்கு எதுக்கு இந்தத் தலவலி? டெலிபோன் ரூம்ல ஒரு சீட் போட்டுத் தரேன், நிம்மதியா ஒக்காந்துக்கோ."

"டெலிபோன் ரூம்ல இன்னா வேல சார்?"

"போன் வந்தா எடுக்கிறது."

"ஒரு நாளைக்கு எத்தினி போன் வருது?"

அவர் வாசலைப் பார்த்து நடந்தார். எல்லார் கையிலும் செல்போன் இருக்கிற ஊரில் அந்த ரூம் போன் நாளைக்கு மூன்று முறை அடித்தால் அதிசயம். அதில் இரண்டு ராங் நம்பர்.

சாயந்திரம் அட்டெண்டர் செங்கம்மா துடைப்பத்தோடு வந்து காதில் போட்டாள்: "அக்கா, டெலிபோன் ரூம பெருக்கித் தொடச்சி வெக்கச் சொல்லிட்டாரு. மேஜகூட போட்டாச்சி. நீ திங்கக்கெழமலருந்து அங்கதானாம்."

கிருபாவதிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பதினோரு வருஷம் ஒரு மார்க்கு தப்பவில்லை. மறுகூட்டலுக்கு வந்த பிள்ளைகள் எல்லாம் பேப்பர் திருத்தினவர் தப்பைத்தான் கண்டுபிடித்தார்களே தவிர, இவள் தப்பை ஒருத்தரும் கண்டுபிடித்ததில்லை. அப்பேர்ப்பட்டவளை அடிக்காத போனுக்குக் காவல் வைக்கப் போகிறார்களாம். திங்கட்கிழமை கம்ப்யூட்டர் மாறிய பிறகு அது பேசினால் நாற்காலி இவளுக்கு. பேசாவிட்டால் டெலிபோன் ரூம். விஷயம் அவ்வளவுதான். அன்று ராத்திரி இஸ்ரேல் தட்டில் போட்ட சோற்றைக் கூட, "நீயே துன்னு" என்று தள்ளிவிட்டாள். அவன்மேல் என்ன தப்பு? ஒன்றும் இல்லை, பாவம்.

திங்கட்கிழமை ஒன்பதரை மணிக்கே சம்பத் வந்துவிட்டான். முப்பது வயது, குப்பத்துப் பக்கத்துக்காரன், டவுனில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். தமிழ் பேசுகிறவள் என்று தெரிந்ததும் ஒட்டிக்கொண்டான்.

"அக்கா, நீங்க கொஞ்சம் வெளிய ஒக்காருங்க. ஃபார்மட் போட்டு புதுசு ஏத்திட்டு கூப்புடறேன்."

"நான் எங்கயும் போவல. மொதல்ல என் லைசென்ஸ திருப்பிக் குடுக்கணும்."

"லைசென்ஸா? அதெல்லாம் எதுக்குக்கா? இந்தப் பேசற சாஃப்ட்வேருக்கு என்கிட்டயே கிராக் இருக்குது. கீ இல்லாமயே ஓடும்."

"தம்பி, பதினாலு மாசம் அலைஞ்சி நாயமா வாங்கினது எங்கிட்ட இருக்குது. உன் திருட்டுச் சாமான நான் எதுக்குத் தொடணும்? ஆடிட்டுக்குன்னுதானே இத்தன கூத்து? ஆடிட்டுக்காரன் வந்து திருட்டு சாஃப்ட்வேர்னு எழுதினா யார் தலையில விடியும்? இந்தக் கண்ணு தெரியாதவ தலையில. அதுக்கு நான் ஆளில்ல."

சம்பத் சிரித்து மழுப்பினான். "சரிக்கா, கோச்சிக்காதீங்க. பேக்கப் எடுத்தாச்சி. இனிமே உங்க இஷ்டம்."

"பேக்கப் எடுத்தாச்சா? எப்போ?"

"இப்பதான். நீங்க தண்ணி குடிச்சிக்கினு இருந்தீங்களே, அப்போ."

பதினோரு வருஷத்து மார்க், எட்டாயிரம் பிள்ளைகள், ஒரு டம்ளர் தண்ணி குடிக்கிற நேரத்தில்! கிருபாவதி கையை நீட்டினாள். "அந்தப் பென் டிரைவ குடு."

"எல்லாம் சரியா இருக்குதுக்கா."

"இருக்கட்டும். குடு."

வாங்கிச் செருகினாள். ஹெட்ஃபோனை உருவி ஸ்பீக்கரைத் திறந்துவிட்டாள். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று வேகத்தையும் குறைத்தாள். அம்புக்குறி விசையை ஒவ்வொரு தட்டாகத் தட்ட, கம்ப்யூட்டர் நிதானமாகப் படித்தது.

"பி.காம். 2019, ஷார்ட்கட். பி.எஸ்சி. 2020, ஷார்ட்கட். மறுகூட்டல், ஷார்ட்கட். பி.ஏ. மூன்றாம் வருடம், ஷார்ட்கட்."

அறையில் இருந்த நாலு கிளார்க்கும் தலையைத் தூக்கினார்கள். கிருபாவதி நிறுத்தவில்லை, இருபத்தாறையும் தட்டி முடித்தாள். இருபத்தாறும் ஷார்ட்கட்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஷார்ட்கட் என்பது ஃபைல் அல்ல, ஃபைல் எங்கே இருக்கிறது என்று சொல்லுகிற விலாசம். டெஸ்க்டாப்பில் தெரிந்ததை எல்லாம் அள்ளிப் போட்ட சம்பத், இருபத்தாறு விலாசங்களை எடுத்துக்கொண்டு, இருபத்தாறு வீடுகளையும் இடிக்கத் தயாராக நின்றிருக்கிறான். படத்தின் மூலையில் கொசு அளவுக்கு ஓர் அம்புக்குறி இருக்கும், அது இருந்தால் ஷார்ட்கட். கண் இரண்டும் நன்றாக இருக்கிற சம்பத் அதைப் பார்க்கவில்லை.

"ஒண்ணத் தெறந்து காட்டு பாக்கலாம், அதோ அந்த வேற கம்ப்யூட்டர்ல போட்டு," என்றாள்.

அவன் போட்டான். திறக்கவில்லை. இன்னொன்று. அதுவும் திறக்கவில்லை.

"அக்கா…" என்றான்.

"எட்டாயிரம் புள்ளைங்கடா! நாளைக்கு ஒருத்தி வேலைக்கி போறேன், மார்க் லிஸ்ட் நகல் குடுங்கன்னு வந்து நிப்பா. இன்னா சொல்லுவ? டெலிபோன் ரூம்ல ஒரு குருடி இருக்கறா, அவளக் கேளுன்னா?"

அதற்கப்புறம் சம்பத் அவள் சொன்னதைத்தான் செய்தான். ஃபைல்கள் உண்மையில் இருக்கிற இடத்தை அவள் விசையைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொடுத்தாள். இரண்டு தனித்தனி டிஸ்க்கில் நகல் எடுத்தார்கள். எடுத்ததோடு விட்டாளா? ஒவ்வொரு வருஷத்திலும் ஒன்றைப் பொறுக்கி வேறு கம்ப்யூட்டரில் திறக்க வைத்து, நடுவில் ஏதாவது ஒரு நம்பரைச் சொல்லி மார்க்கைப் படிக்கச் சொன்னாள். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த மார்க்குகள் அவை. பதினோரு வருஷமும் சரியாக வந்தது. அதற்குள் மணி ஒன்று.

பிறகு லைசென்ஸை ஒப்படைத்தாள். கம்ப்யூட்டர், "லைசென்ஸ் திருப்பி அளிக்கப்பட்டது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஊமையாகிவிட்டது. பதினோரு வருஷத்தில் அந்த மேஜை இவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை. கிருபாவதிக்குப் பயமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். சர்ச்சில் பாடுகிற பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை. எழுந்தால் யாராவது வந்து எதையாவது அமுக்குவார்கள் என்று நம்பிக்கை.

மூன்றரைக்குப் புது விண்டோஸ் ஏறியது. "அக்கா, வந்துருச்சி. ஆனா நீங்க எப்படி…" என்று சம்பத் இழுப்பதற்குள் அவள் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினாள். விண்டோஸுக்குள்ளேயே இருக்கிற குரல் பேசியது.

"அட! இது இருக்கிறதே எனக்குத் தெரியாதுக்கா."

"உனக்குத் தேவப்படல, தெரியல. நகரு."

அந்தக் குரலின் உதவியில் தன் மென்பொருளைத் தானே ஏற்றினாள். கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து இடது கை விரலால் தடவிக்கொண்டே வலது கையால் இருபது எழுத்தையும் அடித்தாள். இன்டர்நெட் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நாசமாப்போற இன்டர்நெட் என்று ஒரு கிளார்க் சொன்னார். அப்புறம் அந்தப் பழைய குரல், அவளுடைய குரல், கடுகு பொரிகிற வேகத்திலேயே வந்தது: லைசென்ஸ் ஏற்கப்பட்டது. மார்க் புரோகிராமைத் திறந்தாள். அதையும் படித்தது. கிருபாவதி மேஜையில் தலையைச் சாய்த்து இரண்டு நிமிஷம் அழுதாள். யாரும் பக்கத்தில் வரவில்லை, வந்திருந்தால் கடித்திருப்பாள்.

நாலு மணிக்கு வேங்கடாசலம் வந்தார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. மீட்டிங்கில் இருந்தவர் நேராக வந்து ஒரு தாளை அவள் மேஜையில் வைத்தார்.

"கிருபா, இதுல ஒரு கையெழுத்து. வாங்கிக்கினேன்னு."

"இன்னா சார் இது?"

"ஒண்ணுமில்லம்மா, டெலிபோன் ரூம் மாத்தல். சும்மா ஃபார்மாலிட்டி."

"படிச்சிட்டுப் போடறேன் சார்."

அவர் சிரித்தார். அவள் தாளை எடுத்துப் பக்கத்தில் இருந்த ஸ்கேனரில் கவிழ்த்து மூடினாள். பதினோரு வருஷமாக அவள் அதில் தாள் வைப்பதைப் பார்த்தவர்தான் அவர். எதற்கு வைக்கிறாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஸ்பீக்கர் திறந்தே இருந்தது. கம்ப்யூட்டர் அந்த ஆங்கிலக் கடிதத்தை ஏற்ற இறக்கம் இல்லாமல், ஒரு கமா விடாமல் படித்தது. பரீட்சைப் பிரிவில் புதிய கணினி முறை நிறுவப்பட்ட பின், திருமதி கிருபாவதியைப் பலமுறை சோதித்துப் பார்த்ததில், பார்வைக் குறைபாட்டால் அவரால் புதிய முறையில் வேலை செய்ய இயலவில்லை என்று தெரியவந்தது; ஆகவே டெலிபோன் அறைக்கு மாற்றப்படுகிறார். கடைசியில் தேதியையும் படித்தது. நவம்பர் பதினாலு, வெள்ளிக்கிழமை.

அன்றைக்குப் பதினேழு.

வேங்கடாசலம் ஸ்கேனர் மூடியைத் திறக்கப் போனார். அதன்மேல் கிருபாவதியின் உள்ளங்கை இருந்தது.

"இன்னிக்குதான் சார் கம்ப்யூட்டர மாத்தினாங்க. வெள்ளிக்கெழமையே எப்பிடி என்ன பலமுற சோதிச்சிப் பாத்தீங்க?"

"அது… டைப்பிங் மிஸ்டேக்கும்மா. குடு, மாத்திக் கொண்டாரேன்."

"மாத்த வேணாம். இது ரத்துன்னு இதுலயே எழுதி, இன்னிக்கி தேதி போட்டு, கையெழுத்து போடுங்க. இல்லன்னா அப்பிடியே எடுத்துக்கினு போங்க. நான் தடுக்க மாட்டேன். காப்பி கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சி."

அவர் சம்பத்தைப் பார்த்தார். சம்பத் ஜன்னலைப் பார்த்தான். கிளார்க்குகளைப் பார்த்தார். அவர்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செங்கம்மா போய் ஒரு பேனாவைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

எழுதினார்.

"சம்பத், இன்னா எழுதியிருக்காருன்னு சத்தமா படி," என்றாள் கிருபாவதி. அவன் படித்தான். ரத்து, நவம்பர் பதினேழு, கையெழுத்து. அவள் தாளை வாங்கி மறுபடியும் ஸ்கேனரில் வைத்து இன்னொரு நகல் எடுத்தாள். அதற்கப்புறம்தான் அதை அவரிடம் கொடுத்தாள்.