சம்பந்திக்குத் தெரியாமல் இரண்டு நாள்

மதுரையிலிருந்து கோயமுத்தூருக்குப் போகும் காலை ரயில் பழனி வழியாகப் போகிறது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் சம்பந்தி வீட்டாரிடம் பழனிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் நானும் என் வீட்டுக்காரரும் கிளம்பினோம். வண்டி பழனியில் நின்றபோது இவர் நடைமேடையில் இறங்கி, மலை இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏறிக்கொண்டார். "இப்ப பொய்யில்லைல்ல?" என்று கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

விஷயம் இதுதான். எங்கள் முப்பதாவது கல்யாண நாளுக்கு, பெங்களூரில் இருக்கும் மகள் கோயமுத்தூரில் ஒரு சின்ன ஓட்டலில் அறை எடுத்துக் கொடுத்திருந்தாள். அவளுடைய மாமனார் மாமியார் இருப்பதும் அதே ஊரில்தான், கணபதி என்ற பகுதியில். மாமனார் சென்னியப்பன் மோட்டார் ரிப்பேர் பட்டறை வைத்திருக்கிறார். மாமியார் ஈஸ்வரி, கல்யாண மண்டபத்திலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, "கோயமுத்தூர் வந்தீங்கன்னா நம்மூட்லதான் தங்கோணும், ஆமா" என்று சொன்னவர். போன தடவை தங்கினோம். மூன்று நாளில் ஒருமுறைகூட "போதும்" என்று சொல்லி நான் ஜெயிக்கவில்லை. தட்டைக் கையால் மறைத்தால் கைமேலேயே தோசை விழும். ஊர் திரும்பி ஒரு வாரம் இவர் ரசம் மட்டும் குடித்தார். "ஓட்டல்ல தங்குனது அத்தைக்குத் தெரிஞ்சா என் பாடு அவ்வளவுதாம்மா. காலம் பூரா சொல்லிக்காட்டுவாங்க" என்று மகள் எச்சரித்திருந்தாள்.

மதியம் கோயமுத்தூர். ஸ்டேஷனிலிருந்து ரேஸ்கோர்ஸுக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். பெரிய மரங்களுக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கும் மூன்று மாடிக் கட்டடம், மொத்தமே பன்னிரண்டு அறை. உள்ளே நுழைந்ததும் குளிர்ந்த துண்டு ஒன்றைத் தட்டில் வைத்து நீட்டினார்கள். இவர் கழுத்து, அக்குள்வரை துடைத்துவிட்டுத் திரும்பத் தட்டிலேயே வைத்தார். வரவேற்பில் இருந்த பெண், "சாப்டீங்களா சார்? கோயமுத்தூர்ல சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று சும்மா பேச்சுக்குக் கேட்டாள். "யாருமே இல்லை" என்று இவர் போலீசுக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னார்.

அறை மூன்றாவது மாடியில். கட்டிலில் ஏழு தலையணை. குளியலறைக்கும் படுக்கைக்கும் நடுவில் சுவருக்குப் பதிலாகக் கண்ணாடி. இவர் அதற்குத் திரை உண்டா என்று தேடினார். "முப்பது வருஷம் ஆச்சு, இனிமே என்ன" என்றேன். அப்புறம் போனில் ஒரு பொத்தானை அமுக்கி, காபி கேட்டேன். வந்தது. யாரும் நடுவில் கூப்பிடவில்லை, அடுப்பில் எதுவும் பொங்கவில்லை. கடைசிச் சொட்டுவரை சூடாகக் குடித்தேன். கல்யாணமானதிலிருந்து எனக்கு அது வாய்த்ததே இல்லை. சொன்னால் வெட்கக்கேடு, கண் கலங்கிவிட்டது.

மறுநாள் பதினொரு மணிக்கு எழுந்தோம். இவர் தலைக்கு ஷாம்பு போட்டு நுரைக்கவிட்ட நேரம் பார்த்துத் தண்ணீர் நின்றது. கீழே கேட்டால், மோட்டார் மக்கர் பண்ணுகிறது, ஆள் வந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றார்கள். அரைமணி நேரம் இவர் நுரையோடு முணுமுணுத்தார். பிறகு கதவு தட்டும் சத்தம்.

"ஏனுங்க, மோட்டார் ஓடுதுங்க. மேல் மாடிக்குத் தண்ணி ஏறுதுங்களான்னு பாத்துச் சொல்றீங்களா?"

யார் குரல் என்று தெரிந்ததும், திறக்க வேண்டாமென்று இவருக்குச் சைகை காட்டினேன். கண்ணைத் திறக்க முடியாத இவர், துண்டோடு தடவிக்கொண்டே போய்க் கதவைத் திறந்து, "ஏறலை" என்றார்.

வாசலில் கையில் ஸ்பேனரோடு சென்னியப்பன் நின்றிருந்தார். எங்கள் இருவரையும் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு கேள்விகூட எழவில்லை.

"வாங்க சம்பந்தி. பழனி நல்லா இருந்துதுங்களா?"

"கூட்டம்" என்றார் இவர், நுரை வழிய.

"அப்புடித்தானுங்க இருக்கும். நீங்க குளிச்சுப்போட்டு வாங்க, அவசரமில்லீங்க." உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டு, ஈஸ்வரி அண்ணிக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்று கேட்டேன்.

"நான் சொல்லமாட்டனுங்க. ஆனா வெளிச் சோறு எனக்கு ஆவாதுன்னு அவ கேரியர் எடுத்துட்டு வந்துட்டிருக்கறா. நான் இந்த ரூம்ல இருக்கறன்னு கீழ சொல்லி அனுப்பிச்சிருவாங்க."

அவர் சொல்லி முடிக்கவும் கதவு திறக்கவும் சரியாக இருந்தது. ஈஸ்வரி என்னைப் பார்த்தார், ஈரத் தலையோடு நின்ற இவரைப் பார்த்தார், நான்கடுக்குக் கேரியரைப் பார்த்தார்.

"இது நாலு பேருக்குப் பத்தாதுங்களே" என்றார்.

பிறகுதான் குரல் இறங்கியது. "எங்கூட்டுக்கு என்னங்க கொறச்சல்?"

"ஒரு குறையும் இல்லை அண்ணி. அங்க உங்க கையால சாப்பிட்டுச் சாப்பிட்டு, எங்களால எழுந்திரிக்கக்கூட முடியலை" என்றேன். பொய் சொல்லத் தெம்பில்லை. "யாரும் எதுவும் வைக்காம, சும்மா இருக்கலாம்னு வந்தோம். பொண்ணை ஒண்ணும் சொல்லிராதீங்க."

ஈஸ்வரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மெத்தையை அமுக்கிப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்து, "இதென்னங்க கூத்து?" என்றார். நான் பொத்தானை அமுக்கி ஒரு காபி சொன்னேன்.

"யாருங்க போடுவாங்க?"

"அவங்களே போட்டுக் கொண்டு வருவாங்க."

"டம்ளரு?"

"அவங்களே கழுவிக்குவாங்க."

காபி வந்தது. ஜன்னலோரமாகப் போய் நின்று, மரங்களைப் பார்த்தபடி மெதுவாகக் குடித்தார். கேரியர் திறக்கப்படாமல் மேசைமேல் இருந்தது. சென்னியப்பன் அதைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

மறுநாள் காலை ஸ்டேஷனுக்கு இருவரும் வழியனுப்ப வந்தார்கள். ஒரு பை நிறையத் தின்பண்டம். ஈஸ்வரி ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொண்ணுகிட்ட நான் ஒண்ணும் கேக்கமாட்டனுங்க, பயப்படாதீங்க. வைகாசில எங்க கல்யாண நாளு வருதுங்க. மதுரைக்கு வாரமுங்க."

"கட்டாயம் வாங்க அண்ணி" என்றேன். மனசு லேசாகிவிட்டது.

"உங்கூட்ல வேண்டாமுங்க. இதே மாதிரி ஒரு ரூம் போட்டுக் குடுத்துருங்க."

வண்டி நகர்ந்தது. பொள்ளாச்சி போய், உடுமலை போய், பழனியும் வந்துவிட்டது. இவர் மறுபடி இறங்கிக் கும்பிடு போட்டுவிட்டு வந்து, ஏன் உம்மென்று இருக்கிறாய் என்று கேட்டார். எனக்கு ஆறவே இல்லை. வீட்டில் மாடி அறை சும்மாதான் கிடக்கிறது, மீன் குழம்பு வைத்தால் தெருவே மணக்கும். எங்கள் வீட்டுக்கு அப்படி என்ன குறைச்சல்?