வடைமாலை சாத்திய பிறகு வந்த தப்பு

என் சித்தப்பாவைப் போல ஊரைக் கூட்டித் தன் மானத்தைத் தானே கப்பலேற்றிய மனிதரை நான் பார்த்ததில்லை. இத்தனை வருடம் கழித்தும் நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. மந்தைவெளியில் குடியிருந்தோம். அப்பாவின் தம்பியான சித்தப்பா, அடையாறில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் கணக்குப் போடுவதையே வேலையாக வைத்திருந்தார். என்ன கணக்கு என்று கேட்டால் உட்காரவைத்துச் சொல்வார். அணுக்கருவுக்குள் துகள்களை ஒட்டிவைக்கும் விசை ஒன்று உண்டு. அதன் சமன்பாட்டில் எடை என்ற பேச்சே இல்லை. ஆனால் அதிலிருந்து எது உருவானாலும் அதற்கு எடை இருக்கிறது. ஒன்றுமே இல்லாததற்கும் இருப்பதிலேயே லேசான துகளுக்கும் நடுவே எடையில் ஓர் இடைவெளி. சோதனையில் தெரிகிறது, கம்ப்யூட்டரும் ஆமாம் என்கிறது. கணிதமாக நிரூபிக்கத்தான் உலகத்தில் ஒருவராலும் முடியவில்லை.

“இருக்குன்னு எல்லாருக்கும் தெரியறதே, அப்புறம் எதுக்கு நிரூபிக்கணும்?” என்பேன். நியாயமான கேள்விதானே! அவர் சிரித்துவிட்டுப் பேனாவை எடுத்துக்கொள்வார்.

ஒரு நாள் சாப்பிடும்போது, “முடிஞ்சுடுத்துன்னு நினைக்கறேன்” என்றார். போதாதா? கணக்கு முடிந்தால் நங்கநல்லூர் ஆஞ்சநேயருக்கு வடைமாலை என்று வேண்டிக்கொண்டிருந்த அத்தை கிளம்பிவிட்டாள். மற்றவர்கள் சரிபார்க்கட்டும், பொறு என்று அவர் கெஞ்சினார். “ஸ்வாமி காரியத்தைத் தள்ளிப்போடப்படாது” என்று அந்தச் சனிக்கிழமையே மாலை சாத்தியாயிற்று. எங்கள் கட்டடத்தில் வடை போகாத வீடில்லை. சித்தப்பாவுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டுக்குப் பெரியப்பா செய்தி சொல்ல, பெண்ணின் அப்பா தி.நகர் முழுவதும் மாப்பிள்ளை பெருமை பாடினார். பள்ளிக்கூடத்தில் நான் அலட்டிய அலட்டல் கொஞ்சநஞ்சமில்லை.

மறு வாரமே சித்தப்பா தப்பைக் கண்டுபிடித்தார். அவரேதான். வேறு ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை, அதைக் கவனியுங்கள்!

“சாத்தின வடைமாலையைத் திருப்பிக் கேக்க முடியுமாடா?” என்று அத்தை அழுதாள்.

“தாலி கட்டற வரைக்கும் வாயைத் திறக்காதே. அப்புறம் சாவகாசமா சொல்லிக்கலாம்” என்றார் பெரியப்பா. அவர் சொல்லி முடிப்பதற்குள் சித்தப்பா எங்கள் எல்லார் முன்னாலும் பெண்ணின் அப்பாவுக்குப் போன் போட்டுவிட்டார்.

“நான் போட்ட கணக்கு தப்பு மாமா. உங்களை நம்பவெச்சுக் கல்யாணம் பண்ணிக்கறது சரியில்லே.”

யோசித்துச் சொல்வதாக அந்தப் பக்கம் போனை வைத்தார்கள். பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார். சித்தப்பா அதோடு விட்டாரா? வடை வாங்கிய வீடுகளுக்கெல்லாம் படியேறிப் போய்ச் சொன்னார். “உங்க சித்தப்பா ஃபெயிலாமே?” என்று கீழ்வீட்டுப் பையன் வகுப்பில் எல்லார் காதிலும் விழும்படி கேட்டான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பேசாமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கப்போகிறது?

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் தனியாக வந்து நின்றாள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று வீடே நடுங்கியது. அவள் ஹாலில் உட்கார்ந்து, “எந்த இடத்துல தப்பு?” என்று கேட்டாள். அதுவரை எங்கள் வீட்டில் ஒருவரும் அதைக் கேட்டிருக்கவில்லை. குத்திக்காட்ட வந்திருக்கிறாள் பார் என்று எனக்கு வயிறு எரிந்தது.

சித்தப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “கோலத்துக்கு வைக்கற மாதிரி வெளியைப் புள்ளியாப் பிரிச்சேன். புள்ளி தள்ளித் தள்ளி இருக்கற வரைக்கும் அந்த எடை இடைவெளி இருக்கு. நிஜத்துல புள்ளி கிடையாதே! புள்ளியை நெருக்கிண்டே போனா, எடை இடைவெளியும் சின்னதாயிண்டே போய்க் காணாமப் போயிடறது.”

அவள் விடவில்லை. “நிஜமாவே காணாமப் போறதா, இல்லே உங்க கணக்குலதான் காணாமப் போறதா?”

சித்தப்பா பேனாவைத் தேடி எடுத்துக்கொண்டார். காபி ஆறி ஆடை படிந்துவிட்டது.

சாயங்காலம் அவள் அப்பா பேசினார். பெண் ஒரே பிடிவாதமாக இருக்கிறாளாம், குறித்த முகூர்த்தத்திலேயே நடத்திவிடலாமாம். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சித்தப்பாவிடம் போய், “உன்னை நன்னாத் திட்டினாளா?” என்றேன்.

“இல்லேடி. ஒரு கேள்வி கேட்டா. எனக்குப் பதிலே தெரியலை” என்று முகமெல்லாம் பல்லாகச் சொன்னார்.

பதில் தெரியாமல் விழித்ததற்கு ஒரு மனுஷர் இப்படியா பூரித்துப்போவார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.