ஆண்டு வரிசையில் கட்டிய தொடர்கதை

2002 முதல் இரண்டரை ஆண்டுகள் ஒரு வார இதழில் அந்தத் தொடர்கதை வந்தது. மந்திரவாதிகள் ஆளும் ஏழு நாடுகள். நாட்டுக்கொரு பஞ்சாங்கம், நாட்டுக்கொரு வம்சம். ஒரு வாரம் கதை முந்நூறு ஆண்டு பின்னே போகும், மறுவாரம் முன்னே வரும். யார் யாருக்கு மகன் என்று மனத்தில் நிறுத்துவதற்குள் அவனைத் தோலுரித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். சலித்துப்போய், கதை நடக்கும் ஆண்டுகளை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே படித்தேன்.

பெரம்பலூர் ஆபீசில் என் பக்கத்து மேஜைக்காரர் அரியலூரிலிருந்து பஸ்ஸில் வரும் பெண்மணி. வாராவாரம் அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்ப்பார். பாதியைப் படிக்கவே மாட்டார்.

"சாப்புடுற நேரத்துல கொடலு உருவுறத யாரு சார் படிப்பா? முடியட்டும். பைண்டு பண்ணி, வேணாங்கறத தள்ளிட்டுப் படிச்சுக்குறேன். செறையில இருக்குற அந்த நெசவுக்காரப் பொண்ணு பொழைக்கிறாளான்னு தெரியணும், அவ்வளவுதான். நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

கதை முடிந்ததும் சேர்த்த பக்கங்களை பைண்டு பண்ண என்னிடம் தந்தார். பைண்டிங் கடை என் வீட்டருகே இருந்தது. உதவுவதாக நினைத்து, என் நோட்டைப் பார்த்து எல்லா அத்தியாயங்களையும் கதையின் ஆண்டு வரிசையில் அடுக்கிக் கொடுத்தேன்.

பைண்டாகி வந்த புத்தகத்தைத் திங்கட்கிழமை மதியம் பிரித்தார்.

"என்ன சார், எடுத்ததுமே கசாப்புக் கடையா இருக்கு?"

பழைய போர்கள் அத்தனையும் முன்னால் வந்திருந்தன. அவற்றைத் தள்ளிக்கொண்டே போனவர் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். அந்த நெசவுக்காரப் பெண் கதையில் பழைய காலத்தவள். அவள் முடிவு கடைசி வாரத்தில் வந்திருந்தாலும், என் வரிசையில் அது நாற்பதாம் பக்கம்.

"செத்துட்டாளா?"

தலையாட்டினேன்.

"ரெண்டரை வருஷம் சார்! ஒங்க நோட்டுல கொள்ளிய வைக்க."

"பிரிச்சு பழையபடி கட்டித் தரேங்க."

பிரித்தபின்தான் தெரிந்தது, அத்தியாய எண்ணும் இதழின் தேதியும் இருந்த மேல் விளிம்பை பைண்டர் வெட்டியிருந்தார். என் நோட்டிலோ, ஆண்டு வரிசையில் இடையிடையே செருகி எழுதிய, இல்லாத ராஜாக்களின் ஆண்டுகள் மட்டும். பக்கங்களின் பின்புறத்துப் பட்டாசு விளம்பரத்தையும் பொங்கல் சேலை விளம்பரத்தையும் வைத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து எது எந்த மாதத்து இதழ் என்று கண்டுபிடித்தேன். பாதிக்கு மேல் முடியவில்லை. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"விடுங்க சார். முடிவு தெரிஞ்சாச்சு, இனிமே வரிசை எதுக்கு?" என்றார்.

அந்தப் பெண் தறியில் உட்கார்ந்து தங்கையோடு வம்பளக்கும் வாரங்களை மட்டும் பொறுக்கி, ஸ்டேப்ளர் பின் அடித்து, பையில் வைத்துக்கொண்டார். மீதியை என் மேஜைக்குத் தள்ளினார்.

"ராஜாக்களை நீங்களே வச்சுக்குங்க."