அக்காவின் லேப்டாப்

அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த பழைய லேப்டாப். ஆன் செய்தால் பாதியிலேயே சூடாகி அணைந்துவிடுகிறது. கழற்றினேன். ஃபேன் முழுக்க இத்தனை வருஷத்தில் சேர்ந்த பனியன் பஞ்சு. அப்பாமேல் வீசும் அதே காய்ந்த எண்ணெய் வாசம்.

அப்பா பனியன் கம்பெனியில் நிட்டிங் ஆபரேட்டர். தலை, மீசையெல்லாம் பஞ்சோடுதான் வேலை முடிந்து வருவார். எனக்கு வீசிங். இருமினால், "செத்த நேரம் வெளிய நில்லு கண்ணு" என்பார். லேப்டாப் வந்த மறுநாளே கம்பெனியில் ஏர் பைப்பால் உடம்பெல்லாம் ஊதிக்கொண்டு வந்தார்.

"பாப்பா லேப்டாப்புக்குப் பஞ்சு ஆகாதாமா" என்றார் அம்மாவிடம்.

அதன்பிறகுதான் என் இருமலும் நின்றது.

பஞ்சை எடுத்ததும் லேப்டாப் அணையாமல் ஓடியது. அக்கா போனில் கேட்டாள், "சரியாச்சா தம்பி?"

"இல்லீங்க்கா. இனி அவ்வளவுதான்" என்றேன்.

லேப்டாப் திரையில் இருந்த போட்டோவில் அப்பாவோடு அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.