பூஜைக்குத் துடைத்த கம்ப்யூட்டர்

பெரம்பலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறேன். ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியனை எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் எடுக்கும் படங்களைக் கம்ப்யூட்டர் வழியாகத் திருச்சி டாக்டருக்கு அனுப்புவது என் வேலை. டாக்டர் பார்த்துச் சொன்னால்தான் இங்கே அடுத்தது நடக்கும்.

எனக்குச் சுத்தம் என்றால் பைத்தியம். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மேசை, மின்விசிறி, கீபோர்டு என்று ஒன்றையும் விடவில்லை. வெளியே துடைத்த கையோடு உள்ளேயும் துடைத்துவிடுவோமே என்று வைரஸ் தடுப்பு மென்பொருளை முழுதாக ஓடவிட்டேன். கடைசியில் சிவப்பாக ஒரு பெட்டி வந்தது. நெட்வொர்க் அமைப்பில் சந்தேகத்துக்குரிய மாற்றம் ஒன்று இருக்கிறதாம், சரிசெய்யவா என்று கேட்டது. பூஜையும் அதுவுமாகக் கம்ப்யூட்டரில் அழுக்கு இருக்கலாமா? சரி என்று அமுக்கினேன். பெட்டி பச்சையாக மாறியது. என்ன திருப்தி அன்றைக்கு எனக்கு!

மறுநாள் காலை சந்தனம், குங்குமம் வைத்துக் கும்பிட்டு, பொரிகடலை தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தோம். பூஜை போட்ட இயந்திரத்தை அன்றைக்குத் தொடமாட்டோம். அவசரம் என்றால் மட்டும்தான்.

அவசரம் மூன்று மணிக்கு வந்தது. குன்னம் பக்கத்து விவசாயி. டிராக்டரில் வாழைக்கன்று கட்டும்போது வழுக்கி விழுந்து தலையில் அடி. நடந்தேதான் உள்ளே வந்தார். “ஒண்ணும் இல்லங்க, லேசா வலிக்குது. பாத்துட்டு வூட்டுக்கு அனுப்பிடுங்க” என்று அண்ணனிடம் சொன்னார். கூட வந்த அவர் மனைவிக்குத்தான் முகம் வெளுத்திருந்தது.

ஸ்கேன் முடிந்ததும் படங்களை அனுப்பினேன். அனுப்பப்பட்டது என்று திரையில் வந்தது.

“சார் பாத்துட்டுக் கூப்பிடுவாருக்கா, உக்காருங்க” என்றேன்.

பத்து நிமிடம் போனது. இருபது நிமிடம் போனது. பண்டிகை நாள், டாக்டர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார் என்று அவருக்காக நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பெஞ்சில் சாய்ந்திருந்தவர் திடீரென்று வாந்தி எடுத்தார். பிறகு அவருக்குக் கண் சொருகியது.

“பாப்பா, கூப்பிட்டா ம்முங்கறாரு, கண்ணத் தொறக்க மாட்டேங்கறாரு. அந்த டாக்டரக் கேளேன்” என்று மனைவி என் கையைப் பிடித்தார். அவர் கை சில்லிட்டிருந்தது. டாக்டருக்குப் போன் போட்டேன்.

“எந்தப் பேஷன்ட்டும்மா? எனக்கு எதுவும் வரலையே.”

“போயிடுச்சுன்னு காட்டுதே சார்.”

“இங்க ஒண்ணுமே இல்லம்மா.”

நிமிர்ந்தால், திரையின் மூலையில் வைரஸ் மென்பொருளின் பச்சைக் குறி. அப்போதுதான் உறைத்தது. போன வருஷம் டாக்டர் தன் கம்ப்யூட்டரை மாற்றியபோது, அதன் புது முகவரியை எங்கள் கம்ப்யூட்டருக்குள் ஒரு சின்னக் கோப்பில் நானே ஒரு வரியாக எழுதிவைத்திருந்தேன். அந்த வரி இருக்கும்வரை படம் புது இடத்துக்குப் போகும். இல்லாவிட்டால், யாரும் திறந்தே பார்க்காத பழைய கம்ப்யூட்டருக்குப் போய் விழும். ஆள் கைவைத்து எழுதிய வரி என்பதால் அதைத் திருட்டு வேலை என்று மென்பொருள் எடுத்துக்கொண்டிருக்கிறது. சரிசெய்யவா என்று கேட்டபோது சரி என்றவள் நான்தான்.

கோப்பைத் திறந்தேன். வரி இல்லை. அவசரத்தில் முகவரி எண்களைத் தப்புத் தப்பாக அடித்தேன்.

“அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம், நவுரு” என்று அண்ணன் என்னைத் தள்ளிவிட்டு, ஸ்கேன் படத்தைச் செல்போனில் பிடித்து டாக்டருக்கு அனுப்பினார். ஒரே நிமிடத்தில் போன் வந்தது.

“மண்டைக்குள்ள ரத்தம் கட்டியிருக்கு. உடனே ஏத்தி திருச்சிக்கு அனுப்புங்க. ஏம்மா இவ்ளோ நேரம்?”

“ஆம்புலன்ஸக் கூப்பிடறேன் சார்” என்று போனை வைத்தேன்.

ஆம்புலன்ஸ் போனபிறகு பாத்ரூமுக்குள் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். அந்த மனுஷன் செத்தால் கொன்றது நான்தான் என்று பயந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்றும் அதே அளவு பயந்தேன். வெளியே வந்து வரியைத் திரும்ப எழுதினேன். இந்தக் கோப்பைத் தொடாதே என்று மென்பொருளிலும் குறித்துவைத்தேன். அண்ணனிடம்கூட ஏதோ கோளாறு என்றுதான் சொன்னேன். அதற்குப் பிறகு சென்டரில் போன் அடித்தாலே எனக்கு வியர்த்துக் கொட்டியது.

அவர் பிழைத்துவிட்டார். தை மாதம் இன்னொரு ஸ்கேனுக்கு இருவரும் வந்தார்கள். அவர் இடது காலை இழுத்து இழுத்து நடந்தார். அந்த அக்கா ஒரு பை நிறையச் சின்ன வெங்காயத்தை என் மேசையில் வைத்தார்.

“அன்னிக்கு ரொம்ப நேரம் ஆயிடுச்சே பாப்பா, எதனால?”

குற்றம் சொல்லும் குரல் இல்லை. சும்மாதான் கேட்டார். மூன்று மாதமாக நான் பயந்துகொண்டிருந்தது இந்த ஒரு கேள்விக்குத்தான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவர் புருஷனின் காலைப் பார்த்தேன்.

“கம்ப்யூட்டர் கோளாறுக்கா.”

“மெஷினு பாவம், அது என்ன பண்ணும்” என்றார் அக்கா. மானிட்டர் ஓரத்தில் பூஜைக்கு நான் வைத்து, அதன்பின் துடைக்கத் துணியாத குங்குமம் காய்ந்து ஒட்டியிருந்தது. அதை விரலால் தொட்டு எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, தன் தாலியில் வைத்துக்கொண்டார்.